கடைசி வயலுக்கும் தண்ணீர்

1986ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பேர்க்லி என்றொரு ஊர். அங்கே மலைச்சரிவில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடம் இருக்கிறது. சரிவின் கீழே பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நானூறு யார் தூரம். ஒருவர் சைக்கிளில் ஏறி மிதித்தால் வியர்க்குமுன் போய்ச் சேர்ந்துவிடுவார். அந்த நானூறு யாரைக் கடக்கத்தான் கணனி வலையமைப்பு அன்று திணறியது. வினாடிக்கு 32,000 பிற் என்ற வேகத்தில் போய்க்கொண்டிருந்த தரவு, வினாடிக்கு 40 பிற் என்ற அளவுக்கு விழுந்தது. நாற்பது பிற் என்றால் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. ஒரு வினாடிக்கு ஐந்து எழுத்து! கையால் எழுதி ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தால் அதைவிட விரைவாகப் போயிருக்கும்.

கம்பி அறுந்திருக்கவில்லை. புயல் அடிக்கவில்லை. எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. எல்லாக் கணனிகளும் தமக்குச் சொல்லிவைத்த வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தன. அவை சரியாகச் செய்த அந்த வேலையே வலையமைப்பை மூச்சடைக்க வைத்தது.

இந்த வரலாற்றை வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்வது எனக்கு இலகு. இரணைமடுவின் இடதுகரை வாய்க்காலிலோ, முத்தையன்கட்டின் கீழோ, வவுனிக்குளத்தின் கீழோ கமம் செய்த எவருக்கும் இதன் பாதி ஏற்கெனவே தெரியும். ஒரு குளத்தில் தண்ணீர் இருப்பது வேறு, அது கடைசி வயலுக்குப் போய்ச் சேருவது வேறு. தண்ணீர் போதாத சிறுபோகத்தில் தலைப்பு வயல்காரர் எல்லாரும் ஒரே இரவில் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதைக் கமக்காரருக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் போவோம்.

தொலைபேசி என்ற பழைய வலையமைப்பின் அமைப்பு எப்படிப்பட்டது? ஊர்களின் கம்பிகள் எல்லாம் ஓர் இணைப்பகத்துக்குப் போகும். அந்த இணைப்பகங்களின் கம்பிகள் பெரிய இணைப்பகத்துக்குப் போகும். இருவர் பேசும்போது அவர்களுக்கென்று ஒரு தனிப்பாதை ஒதுக்கப்படும். அவர்கள் பேசாமல் மௌனமாக இருந்தாலும் அந்தப் பாதையை வேறொருவர் பயன்படுத்த முடியாது. அறிவு முழுவதும் நடுவில், கையில் இருக்கும் கருவியோ வெறும் பொம்மை. நடுவை அடித்தால் எல்லாம் முடிந்தது. அப்படி முடிந்ததை இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். யுத்த காலத்தில் தொலைபேசி என்பது எமது பெருநிலப்பரப்பின் பெரும்பகுதிக்கு இல்லாத பொருளாகவே இருந்தது.

இந்தப் பலவீனத்தைக் கண்டு கவலைப்பட்டவர் போல் பரன். 1926இல் போலந்தில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குப் போனவர். அணுகுண்டு விழுந்து பாதி நிலையங்கள் அழிந்தபின்னும் மிச்சமிருப்பவை தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும் என்றால் வலையமைப்பை எப்படிக் கட்டுவது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. றான்ட் நிறுவனத்தில் இருந்தபடி 1964இல் அவர் வெளியிட்ட ஆய்வுத் தொகுதிகளில் ஒரு படம் புகழ்பெற்றது. ஒரே நடுப்புள்ளியில் எல்லாக் கோடுகளும் சேரும் வலை ஒன்று. சிறுசிறு நடுப்புள்ளிகளைக் கொண்ட வலை இன்னொன்று. மூன்றாவது மீன்வலை போன்றது. அதில் நடுவே இல்லை. ஒவ்வொரு முடிச்சுக்கும் மூன்று நான்கு இணைப்புகள் இருந்தாலே போதும், பெருமளவு அழிவிலும் மிச்சம் தொடர்பில் இருக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். செய்தியைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் சேரவேண்டிய முகவரியை எழுதி, கிடைத்த வழியால் அனுப்பிவிடுவது. இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் தனியாக யோசித்து இதே முடிவுக்கு வந்தார். துண்டுகளுக்குப் 'பொதி' என்ற பொருள்படும் பெயரை வைத்தவர் அவரே. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தாரோ பரனின் யோசனையை ஏற்கவில்லை. நடுவில் இருப்பவர்களிடம் போய் நடு வேண்டாம் என்றால் அவர்கள் எப்படி ஏற்பார்கள்?

1969 ஒக்ரோபர் 29ஆம் நாள் கலிபோர்னியாவில் இரண்டு கணனிகளுக்கு இடையே முதற்செய்தி போனது. ஒரு சொல்லின் முதலிரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தவுடன் மறுபக்கத்துக் கணனி விழுந்துவிட்டது. அங்கிருந்து வளர்ந்ததுதான் இணையம்.

இணையத்தின் அமைப்பைத் தீர்மானித்தவர்கள் தொலைபேசியைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நடுவில் நிற்கும் வழிகாட்டிக் கருவிக்கு அதிகம் தெரியாது. ஒரு பொதி வந்தால் அடுத்த கருவிக்குத் தள்ளும்; இடமில்லாவிட்டால் கொட்டிவிடும், அவ்வளவே. பொதி சேர்ந்ததா, சேராவிட்டால் மறுபடி அனுப்புவதா என்பதெல்லாம் இரு முனைகளிலும் இருக்கும் கணனிகளின் பொறுப்பு. டேவிட் கிளார்க் என்ற ஆய்வாளர் 1988இல் இந்த அமைப்பின் நோக்கங்களை வரிசைப்படுத்தி எழுதினார். வலையமைப்பில் எது அழிந்தாலும் தொடர்பு தொடரவேண்டும் என்பதற்கே அதில் முன்னிடம். யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்று கணக்கு வைப்பது வரிசையின் கடைசியில் நிற்கிறது. இந்த வரிசையை யோசித்துப் பார்க்கவேண்டும். கட்டணம் வாங்குவதற்காகக் கட்டப்பட்ட வலையமைப்பாக இருந்திருந்தால் கணக்குத்தான் முன்னுக்கு வந்திருக்கும்.

ஆனால் நடுவில் துருசுக்காரன் இல்லாத வாய்க்காலில் தண்ணீரை யார் பங்கிடுவது?

அந்தக் கேள்விதான் 1986இல் பேர்க்லியில் வெடித்தது. 1984இலேயே ஜோன் நேகிள் என்பவர் இப்படி ஒரு சரிவு வரக்கூடும் என்று எழுதிவைத்திருந்தார். அது நடப்பது இப்படி. ஒரு கணனி பொதியை அனுப்புகிறது. போய்ச் சேர்ந்ததென்ற பற்றுச்சீட்டு வரவேண்டும். வழியில் நெரிசல், பற்றுச்சீட்டு பிந்துகிறது. பொதி தொலைந்துவிட்டது என்று கணனி நினைக்கிறது. அதையே மறுபடி அனுப்புகிறது. முதற்பொதியோ தொலையவில்லை, வரிசையில்தான் நிற்கிறது. இப்போது வரிசையில் இரண்டு. எல்லாக் கணனிகளும் இப்படிச் செய்தால் வழி முழுவதும் ஒரே பொதியின் பிரதிகளால் நிறைந்துவிடும். கம்பி முழுமூச்சாக வேலை செய்கிறது. பயனோ ஏறக்குறையப் பூச்சியம்.

ஆய்வுகூடத்தில் இருந்தவர் வான் ஜேக்கப்சன். (பெயரிலேயே குளத்து வானை வைத்திருந்தார், அளவுக்கு மிஞ்சியதைப் பற்றி யோசிக்க அவரைவிடப் பொருத்தமானவர் யார்!) பல்கலைக்கழகப் பக்கத்தில் இருந்தவர் மைக் கறெல்ஸ். இருவரும் பல மாதங்கள் தலையை உடைத்தார்கள். ஏன் பழுதானது என்று கேட்டுக் களைத்தபின், இது முன்பு எப்படித்தான் வேலை செய்தது என்று கேட்கத் தொடங்கினார் ஜேக்கப்சன். கேள்வியைப் புரட்டிப் போட்டதும் விடை தெரிந்தது. முன்பு அது நன்றாக வேலை செய்ததற்குக் காரணம், பயன்படுத்தியவர்கள் குறைவு என்பது மட்டுமே.

அவர் கண்ட மருந்து மூன்று நான்கு விதிகள். எந்தக் கணனியும் தொடக்கத்திலேயே முழுவதையும் கொட்டக்கூடாது. ஒரு பொதி அனுப்பு. பற்றுச்சீட்டு வந்தால் இரண்டு அனுப்பு. பிறகு நான்கு. ஓரளவுக்கு மேல் போனதும் அந்தப் பெருக்கத்தை நிறுத்தி, ஒவ்வொன்றாக மட்டும் கூட்டு. பொதி ஒன்று தொலைந்தால் அதை வழி நிறைந்துவிட்டதன் அறிவித்தலாக எடுத்துக்கொள், உடனே குறைத்துவிடு. ஒரு பழைய பொதி வெளியேறினால்தான் ஒரு புதிய பொதி உள்ளே போகலாம். குளம் நிறைந்தபின் வருகிற தண்ணீரின் அளவுக்கே வானும் பாய்வதுபோல.

இதில் நான் வியப்பது ஒன்று உண்டு. ஜேக்கப்சன் நடுவில் எதையும் மாற்றவில்லை. புதிய இணைப்பகம் கட்டவில்லை. காவலாளி வைக்கவில்லை. முனைகளில் இருக்கும் கணனிகளின் மென்பொருளில் சில வரிகளைத் திருத்தினார். கறெல்ஸ் அந்தத் திருத்தத்தைப் பேர்க்லியிலிருந்து விநியோகித்த இயக்க மென்பொருளோடு சேர்த்து அனுப்பினார். பல்கலைக்கழகங்கள் அதை ஏற்றிக்கொண்டன. வலையமைப்பு பிழைத்துக்கொண்டது.

1988 ஓகஸ்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில் ஜேக்கப்சன் இந்த ஆய்வைப் படித்தார். கிளார்க்கின் கட்டுரையும் அதே மாநாட்டுக்கு வந்ததுதான். அங்கே இன்னொரு கட்டுரையும் இருந்தது. அதன் ஆசிரியர்கள் இந்தியாவிலிருந்து போன இருவர்: கே. கே. இராமகிருஷ்ணன், ராஜ் ஜெயின். இராமகிருஷ்ணன் பெங்களூரில் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் படித்துவிட்டு அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இருவரும் அப்போது டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவனத்தில் வேலை செய்தார்கள்.

அவர்களுடைய கேள்வி ஜேக்கப்சனுடையதைவிடக் கொஞ்சம் நுட்பமானது. பொதி தொலைந்த பின்புதானா நெரிசலை அறியவேண்டும்? கட்டு உடைந்தபின் வெள்ளம் என்று சொல்வதில் என்ன பயன்? கட்டில் அளவுகோல் இருக்கிறதே, அதைப் பார்த்து முன்கூட்டியே சொல்லலாமே. அவர்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் ஒரேயொரு பிற்றுக்கு இடம் ஒதுக்கினார்கள். வழியில் நிற்கும் கருவி தன் வாசலில் சராசரியாக எத்தனை பொதிகள் காத்து நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒன்று அல்லது அதற்கு மேல் என்றால் அந்தப் பிற்றை ஒன்றாக மாற்றிவிடும். பொதி சேருமிடம் சேர்ந்ததும், பெற்றவர் அந்த அடையாளத்தைப் பற்றுச்சீட்டில் பிரதிபண்ணித் திருப்பி அனுப்புவார். அனுப்பியவர் கிடைத்த பற்றுச்சீட்டுகளை எண்ணுவார். அவற்றில் பாதி அல்லது பாதிக்கு மேல் அடையாளம் இருந்தால் எட்டில் ஒரு பங்கைக் குறைப்பார். இல்லாவிட்டால் ஒன்றைக் கூட்டுவார்.

நடுவில் இருப்பவர் கட்டளை இடவில்லை. 'இங்கே நெரிசல்' என்று மட்டும் சொல்கிறார். குறைப்பதா இல்லையா என்பதை முனையில் இருப்பவரே தீர்மானிக்கிறார்.

இது நீதியாகுமா என்பதே அடுத்த கேள்வி. ஏற்கெனவே கூட எடுப்பவர் தொடர்ந்தும் கூட எடுத்துக்கொண்டிருக்க மாட்டாரா? ராஜ் ஜெயினும் சியு என்பவரும் 1989இல் இதற்குக் கணித விடை தந்தார்கள். அதை வாய்க்காலில் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். பத்துப் பங்கு தண்ணீர் கொள்ளும் வாய்க்கால். ஒருவர் எட்டு எடுக்கிறார், மற்றவர் இரண்டு. வித்தியாசம் ஆறு. வாய்க்கால் நிறைந்துவிட்டது என்று அறிவித்தல் வந்ததும் இருவரும் பாதியாகக் குறைக்கிறார்கள். நான்கு, ஒன்று. வித்தியாசம் மூன்றாகிவிட்டது. பிறகு இருவரும் ஒரே அளவாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஐந்து, இரண்டு. ஆறு, மூன்று. வித்தியாசம் கூடவில்லை. ஆறரையும் மூன்றரையும் ஆனதும் மீண்டும் நிறைகிறது, மீண்டும் பாதி. இப்போது வித்தியாசம் ஒன்றரை. ஒவ்வொரு முறையும் அது பாதியாகிக்கொண்டே போகும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பேசியதில்லை. ஆனாலும் சமனை நோக்கி நடக்கிறார்கள். கூட்டும்போது எல்லாருக்கும் ஒரே அளவு, குறைக்கும்போது உள்ளவருக்குக் கூடக் குறைப்பு. இதை மாற்றிச் செய்தால், அதாவது கூட்டுவதையும் விகிதப்படி செய்தால், எட்டும் இரண்டுமாக இருந்தவர்கள் எந்நாளும் நாலுக்கு ஒன்றாகவே இருப்பார்கள்.

என்றாலும் கணிதம் சொல்லும் சமன் நடைமுறையில் முழுதாக வந்துவிடவில்லை. பற்றுச்சீட்டு விரைவாகத் திரும்பி வருபவர், அதாவது கிட்ட இருப்பவர், விரைவாகக் கூட்டிக்கொள்கிறார். தூரத்தில் இருப்பவர் பின்தங்குகிறார். தலைப்பு வயலின் அதிர்ஷ்டம் இங்கேயும் உண்டு. இன்னொரு குறுக்குவழியும் இருந்தது. பங்கு என்பது ஆளுக்கு அல்ல, இணைப்புக்கு. ஒருவர் நான்கு இணைப்பைத் திறந்தால் நான்கு பங்கு. 1994இல் வந்த நெற்ஸ்கேப் என்ற உலாவி அப்படியே செய்தது. ஒரு வயலுக்கு நான்கு வாய்க்கால் வெட்டியவன் கதைதான்.

இதையெல்லாம் கண்டிப்பதற்கு ஒருவரும் இல்லை. இன்றுவரை இணையத்தின் பெரும்பகுதி இந்தத் தன்னடக்கத்தில்தான் ஓடுகிறது. விதியை மீறும் மென்பொருளை எழுதுவது சிரமமான வேலையல்ல. பெரும்பாலானோர் எழுதுவதில்லை, அவ்வளவுதான். சலி ஃபுளொயிட் என்ற பெண் ஆய்வாளர் 1990களில் இதைப் பற்றி மிகவும் கவலைப்பட்டு எழுதினார். இராமகிருஷ்ணனின் அந்த ஒற்றைப் பிற்றை இணையத்தின் பொது விதியாக்க அவரோடு சேர்ந்து உழைத்தவரும் அவரே. 2001இல் அது நியமமாக வெளிவந்தது. 2019இல் அவர் காலமானார்.

அமைப்பைப் பற்றிய இன்னொரு ஆய்வையும் சொல்லாமல் போக முடியாது. அது எம்மைப்போல் துண்டிக்கப்பட்டுக் கிடந்த இடங்களுக்கு உரியது. 1982இல் சீனிவாசன் இரமணி என்ற இந்தியக் கணனி அறிஞரும் றிச்சர்ட் மில்லர் என்பவரும் இலண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். பூமிக்குக் கிட்டவாகச் சுற்றும் ஒரு சிறிய செய்மதி. அது ஓர் இடத்துக்கு மேலால் போகும்போது அங்குள்ள சிறு கருவி தன் கடிதங்களை மேலே ஏற்றிவிடும். செய்மதி அவற்றை நினைவில் வைத்துக்கொண்டு போகும். சேரவேண்டிய நாட்டுக்கு மேலால் போகும்போது கீழே இறக்கிவிடும். கம்பி வேண்டாம், இணைப்பகம் வேண்டாம், தொடர்ச்சியான தொடர்பே வேண்டாம். வானத்தில் ஒரு தபாற்காரன். இங்கிலாந்தின் சறே பல்கலைக்கழகம் செய்து, 1984 மார்ச்சில் ஏவப்பட்ட சிறு செய்மதியில் இந்த முறை பரிசோதிக்கப்பட்டது. பின்னர் 1990களில் ஆபிரிக்காவின் வைத்தியர்கள் சிலர் இத்தகைய செய்மதி மூலம் மருத்துவத் தகவல்களைப் பெற்றார்கள்.

அதே ஆண்டுகளில் வன்னியில் நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டுக்கொண்டிருந்தோம். கடிதம் செஞ்சிலுவைக் குழுவின் ஊடாகவும் போக்குவரத்துச் செய்பவர்களின் மடியிலும் வந்தது. வாங்கி வைத்து, வழி கிடைக்கும்போது கொண்டுபோய்ச் சேர்க்கிற முறை. இரமணி சொன்ன அமைப்பு எமக்குப் புதிதல்ல. செய்மதி மட்டும் எமக்கு இருக்கவில்லை.

இரமணி பின்னர் பம்பாயில் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப நிலையத்தை நடத்தினார். 1986இல் தொடங்கிய இந்தியாவின் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பில் அந்த நிலையம், விஞ்ஞான நிறுவனம், சென்னை உட்பட ஐந்து தொழில்நுட்பக் கழகங்கள், டில்லியின் மின்னணுவியல் திணைக்களம் என்று எட்டு நிறுவனங்கள் சேர்ந்தன. இலங்கையில் மொறட்டுவப் பல்கலைக்கழகத்தின் அபய இந்துருவ பல்கலைக்கழகங்களை இணைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். 1990இல் மின்னஞ்சல் ஓடத் தொடங்கியது. இலங்கைக்கான இணைய முகவரிப் பதிவும் கிகான் டயஸின் பொறுப்பில் அதே ஆண்டு தொடங்கியது. அந்த 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில்தான் யுத்தம் மீண்டும் மூண்டது. வடக்குக்கு மண்ணெண்ணெயும் மின்கலமும் போவது நின்றது. ஒரு தீவில் ஒரே ஆண்டில் இரண்டு வரலாறுகள்.

இனி இன்றைய விடயத்துக்கு வருவோம். பரனின் மீன்வலைப் படத்தைப் பார்த்துவிட்டு இணையத்தை எவராலும் மறிக்க முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வலை மீன்வலையாக இருக்கலாம். ஆனால் ஒரு தீவுக்குள் அது வரும் வாசல்கள் சில நிறுவனங்களின் கையில்தான் இருக்கின்றன. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது சமூக வலைத்தளங்கள் நாடு முழுவதும் மறிக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் மீண்டும் மறிக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் கிளர்ச்சியின்போது இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் வேலை மிகச் சுலபமாக முடிந்தது. தலைத்துருசை இறக்குவதற்கு எத்தனை பேர் வேண்டும்?

ஆய்வாளர்களிடையேயும் காற்று திசைமாறியது. 2008இல் கலிபோர்னியாவின் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் உட்பட ஒரு குழுவினர், வழிகாட்டிக் கருவிகளின் முடிவெடுக்கும் பகுதியைப் பிரித்தெடுத்து ஓரிடத்திலிருந்து கட்டுப்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். பெரிய கணனி நிலையங்கள் அதை விரும்பி ஏற்றன. தம் சொந்த வளவுக்குள் தாமே துருசுக்காரராக இருப்பது அவர்களுக்கு வசதி. அதில் குற்றம் காண நான் வரவில்லை. இரணைமடுவின் வான்கதவுகளையும் ஒவ்வொரு கமக்காரர் ஒவ்வொன்றாகத் திறக்க முடியாதே. கனகராயன் ஆற்றில் வெள்ளம் வரும் இரவில் ஒரு பொறியியலாளர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அடுத்த சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை அவர் தனியே தீர்மானிப்பதில்லை. அதற்குக் கூட்டம் கூடவேண்டும், கமக்காரர் எழும்பிக் கதைக்கவேண்டும், சத்தம் போடவேண்டும். எதை நடுவில் வைப்பது, எதை முனைகளுக்கு விடுவது என்பதில் குளத்துக்கும் கணனிக்கும் ஒரே பிரச்சினைதான்.

இராமகிருஷ்ணனின் பிற் என்ன ஆனது? நியமமாகிய பின்னும் பல ஆண்டுகள் அது உறங்கிக் கிடந்தது. இடையில் நின்ற சில பாதுகாப்புக் கருவிகள் பழக்கமில்லாத அடையாளத்தைக் கண்டு அந்தப் பொதிகளையே கொட்டிவிட்டன. அதனால் கணனிகள் அதைப் பயன்படுத்தத் தயங்கின. 2015ஐ ஒட்டித்தான் பெரிய நிறுவனங்கள் அதைத் தம் கருவிகளில் திறக்கத் தொடங்கின. 2023 ஜனவரியில், தாமதம் மிகக் குறைந்த தொடர்புக்கான புதிய அமைப்பு ஒன்று வெளியானது. அதன் அத்திவாரம் அதே அடையாளம்தான்: தொலையும்வரை காத்திராதே, நெரிசலை முன்கூட்டியே சொல். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின.

கிளிநொச்சியில் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. கணனிப் பொறியியலும் குடிசார் பொறியியலும் அங்கே அடுத்தடுத்த துறைகள். வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இயங்குகிறது. நெரிசல் கட்டுப்பாடு என்ற பாடத்தைப் படிப்பிக்கும் விரிவுரையாளர் பிள்ளைகளை ஒரு சிறுபோகக் காலத்தில் இரணைமடுவின் கீழே கடைசிக் கிளை வாய்க்கால்வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போகலாம். அங்கே நிற்கும் கமக்காரரிடம், தண்ணீர் குறையப்போவது உங்களுக்கு எப்போது, எப்படித் தெரியவரும் என்று கேட்கச் சொல்லலாம்.